நடுவில் ஓர் இடம்

9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். கம்பெனிப் புகை ஜன்னல் வரைக்கும். பால் கட்டி மார்பு வலி. மாத்திரை வாங்கச் சொல்லி வீட்டுக்காரர் அருளிடம் இரண்டாவது முறை.

பிறந்த பாப்பாவுக்கு ஒரு காலைப்பொழுதுதான் உயிர் இருந்தது. “தாங்காது”ன்னு திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்ஸே சொல்லியாயிற்று. சாகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். சர்ச் மாதா சபையில் இருக்கிற மாமியாருக்குத் தெரியாதா? “பெரியவன் மெட்ராஸ்லேர்ந்து வந்துகினு இருக்கான். அவன்தான் புள்ளைய ஏந்த வேண்டிய ஞானத்தகப்பன். வரட்டும்” என்றாள் அத்தை. அருளின் அண்ணன் வந்தபோது பாப்பா இல்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்தில் வேலி ஓரம் புதைத்தார்கள். இடம் காட்டியதும் அத்தைதான். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

10, செவ்வாய்
சூப்பர்வைசர் போன். எப்போது வேலைக்கு வருவாய் என்று. கட் பண்ணிவிட்டேன்.

ஏழரை மணி சீரியல். விபத்தில் சிக்கிய கதாநாயகனின் ஆவி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் வெள்ளைப் புகைக்குள் நிற்கிறது. பல வாரமாக. நடிகர் வேறு ஷூட்டிங் போயிருக்கிறாராம், பக்கத்து வீட்டு சுமதி சொன்னாள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு: “நம்ம பாப்பாவும் இப்டித்தான். மோட்சமும் இல்ல, நரகமும் இல்ல. நடுவுல நின்னுகினு இருக்கும்.”

புகைக்கு அழுகிறாள். என் பிள்ளைக்கு அழவில்லை. டீவியைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

12, வியாழன்
தூறல். துணி காயவில்லை. கவரைப்பேட்டையிலிருந்து ஃபாதர். நடுவில் அப்படி ஓர் இடமே கிடையாது, பிள்ளை ஆண்டவரிடம்தான், என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் வண்டியை எடுப்பதற்குள் அத்தை: “இவருக்கு இன்னா தெரியும், சின்ன வயசு. டீவில சும்மாவா காட்றான்?”

அருள் ஈரத் துணியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். இவரெல்லாம் ஒரு புருஷன்.

14, சனி
மாத்திரை இன்னும் வரவில்லை. சீரியலில் ஆவி உடம்புக்குள் திரும்பிவிட்டது. நடிகர் ஊர் வந்துவிட்டார் போல. அத்தை சந்தோஷத்தில் கேசரி கிளறினாள். எனக்குத் தாங்கவில்லை.

“ஒரு கை தண்ணி ஊத்த உங்களுக்கு இன்னா கேடு அத்தே?”

கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, “ஊத்துனேன்மா. நர்ஸு அந்தாண்ட போனப்போ. பெரியவன் கோச்சுக்குவான்னு யார்கிட்டயும் சொல்லல.”

“அப்போ வேலி ஓரத்துல ஏன் பொதைக்கச் சொன்னீங்க?”

அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொய் என்றால் என் வாயை அடைக்கச் சொன்ன பொய். உண்மை என்றால், பெரிய மகன் முகம் கோணக்கூடாது என்று என் மகளை வேலி ஓரம் தள்ளியிருக்கிறாள். எது என்று இனி கேட்கப் போவதில்லை. இரண்டுக்கும் அவளை மன்னிக்க மாட்டேன். நாளை பூசையில் அவள் பக்கத்தில் உட்கார மாட்டேன்.