காபி டப்பாவில் கிடந்த போல்ட்

அன்பு மகளே,

நீ கலிஃபோர்னியா போனதிலிருந்து என் கிறிஸ்துமஸ் அட்டைகளுக்குப் பதில் போட்டதில்லை. இதையாவது பிரித்துப் படி.

கராஜில் கிடந்த உன் தம்பி கர்ட்டிஸின் சைக்கிளைச் சரிபண்ண எடுத்தேன். வாழைப்பழம் மாதிரி நீள சீட்டும் மாட்டுக்கொம்பு மாதிரி ஹேண்டில்பாரும் வைத்த அதே ஆரஞ்சு சைக்கிள்தான். அலுமினியத் தாளால் தேய்க்கத் தேய்க்கத் துரு போய்விட்டது. பக்கத்து வீட்டு வெர்னான் உதவிக்கு வந்தான். பின்சக்கரத்தைக் கழற்றப்போனவன் குனிந்து பார்த்து, "என்னப்பா இது, பிரேக் பட்டையைச் சட்டத்தோட சேத்துப் பிடிக்கிற போல்ட்டக் காணோம்? அது இல்லாம பெடலைப் பின்னால மிதிச்சா பிரேக் எப்படிப் பிடிக்கும்?" என்றான்.

அலமாரியிலிருந்த காபி டப்பாவை மேசைமேல் கவிழ்த்தேன். மிச்சம் மீதி ஆணிகளோடு அந்த போல்ட்டும் விழுந்தது. எழுபத்தொன்றில், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், செயின் மாற்றுவதற்காக நான்தான் அதைக் கழற்றினேன்.

"நீதானேடி அவனை மேட்டுல இருந்து சைக்கிள்ல இறங்கச் சொன்ன?" என்று கர்ட்டிஸின் அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டேன். உனக்குப் பதினொரு வயது. நீ அழக்கூட இல்லை.

சைக்கிள் இப்போது புதுசுபோல் மின்னுகிறது. வெர்னான் வேறு போல்ட் போட்டுவிட்டான். பழையதை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். கர்ட்டிஸ் போனது நீ சொன்னதால் இல்லை, மகளே.

அப்பா