திருவிருந்து ரசத்தில் கடுக்காய்

மார்ச் 16, திங்கள்
காலையிலேயே வெயில். ஜாடி திறந்து திராட்சரசம் வடிகட்டியாயிற்று. நிறம் நன்று. வாயில் வைத்தால் சப்பென்று, பிடிப்பே இல்லை. பெரிய வியாழன் திருவிருந்துக்கு இந்த வருடம் ரசம் என் கையால் என்று சபை ஆயரிடம் நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது.
துவர்ப்பு ஏறினால்தான் பிடிப்பாம். வீடியோவில் டானின் பவுடர் ஒரு சிட்டிகை போடுகிறார்கள். உத்திரமேரூரில் அதற்கு எங்கே போக? கடுக்காயும் துவர்ப்புதானே.
கேஸ் புக் பண்ண வேண்டும். துணி சோப்பு.

மார்ச் 19, வியாழன்
நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி. வயிற்றுக்குச் சாப்பிடுகிற கணக்கில் ஸ்பூன் ஸ்பூனாகப் போட்டுவிட்டேன். சிட்டிகை என்றது அப்புறம்தான் ஞாபகம்.
வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்தார். "இன்னா இது, நாக்க இஸ்துக்கினு போவுது" என்றார்.
ஜாடி முழுக்க இப்படி. புதிதாகப் போட்டால் புளிக்க நாள் இல்லை. பயம்.

மார்ச் 21, சனி
மறுபடி வீடியோ. முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலந்தால் துவர்ப்பை இழுத்துக்கொண்டு அடியில் தங்குமாம். லெந்து நோன்பு நாள், வீட்டில் முட்டை கிடையாது. கடையில் கிடைக்கும்தான். திருவிருந்துக்கு நாட்டு முட்டைதான் சரி என்று எனக்கு நானே ஒரு சாக்கு.
நாட்டுக்கோழி இருப்பது பக்கத்து வீட்டில், என் ஓரகத்தி ஸ்டெல்லா அக்காவிடம். கோழி என் கீரைப் பாத்தியைக் கிளறப்போய்ச் சண்டை, ஆவணியிலிருந்து பேச்சில்லை. மனத்தாங்கலோடு ரசப் பாத்திரத்தைத் தொடக்கூடாது என்று அதிலிருந்து அக்கா திருவிருந்துக்கு எழுந்து வருவதே இல்லை. அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க, எனக்கு மட்டும் எப்படித் தொண்டையில் இறங்கும்?
போனேன்.
"லெந்துல முட்டையா?"
கடுக்காய்க் கதையைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முட்டை கொடுத்தாள். வந்ததும் வெள்ளைக்கருவை அடித்து ஜாடியில் கலந்து வைத்தேன்.

மார்ச் 30, திங்கள்
மேகம், மழை இல்லை. அடியில் வண்டல், மேலே தெளிவு. கலங்காமல் ஊற்றி எடுத்தேன். துவர்ப்பு குறைந்திருக்கிறது, போகவில்லை. ஆயர் ருசி பார்த்துப் பரவாயில்லை என்றார். கரண்ட் போய்ப் போய் வந்தது. மாவு பாதிதான் அரைந்தது.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்
புழுக்கம். கோயில் நிறையக் கூட்டம். பீடத்தண்டை முழங்காலிட்டேன். பக்கத்தில் யாரோ வந்து முழங்காலிட்டார்கள். ஸ்டெல்லா அக்கா. ஆயர் பாத்திரத்தை முதலில் அவளுக்குக் கொடுத்தார், பிறகு எனக்கு.
வெளியே செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "இன்னும் துவர்க்குது. அடுத்த வாட்டி போடறப்ப என்னியும் கூப்டு."
தலையை ஆட்டினேன்.