ரஸ்டியைத் தக்காளியால் பழக்கியவருக்கு

நேற்று டண்டினோங் சந்தையில் தக்காளி வாங்கப் போனேன். நன்றாகக் கனிந்த பழம் ஒன்றை எடுத்து மெல்ல அழுத்திப் பார்த்தேன், அவ்வளவுதான். கடைக்காரப் பெண் முறைத்தாள். எனக்கோ சிரிப்பு அடங்கவில்லை. "அப்பா, வட்ஸ் சோ ஃபனி?" என்று மகள் கேட்டாள். உன் அம்மாவின் நாய் ஞாபகம் வந்தது என்றேன். தக்காளிக்கும் நாய்க்கும் என்ன சம்பந்தம் என்று விழித்தாள். அது அவள் பிறப்பதற்கு முந்திய கதை. நீர் இருந்திருந்தால் நடித்தே காட்டியிருப்பீர். எனக்கு அப்படிச் சொல்ல வராது. அதனால் உமக்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில், கல்யாணம் முடித்த கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து நோபல் பார்க்குக்கு வந்து சேர்ந்தோம். நான் காலையில் தொழிற்சாலைக்குப் போனால் பொழுதுபடத்தான் திரும்புவேன். உமக்குப் பேச்சுத்துணை பக்கத்து வீட்டு ரஸ்டி. மண்ணிறமும் வெள்ளையுமாக, தொங்கும் காதுகளோடு, வேலியில் முன்னங்கால்களை வைத்து நிற்பான். "இந்தத் தெருவிலை என்னோடை தமிழ் கதைக்கிறவன் இவன் ஒருத்தன்தான்" என்பீர். அவன் எங்கே கதைத்தான்? நீர் கதைத்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். அந்த வேலை எனக்கும் நன்றாகத் தெரியும்.

அவன் வேட்டைநாய். அவனை வளர்த்த ஜாக் என்ற கிழவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. குயின்ஸ்லாந்திலிருக்கும் மகளிடம் போகிறேன், நாயைத் தூரத்துப் பண்ணைக்காரர் ஒருவருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று ஒருநாள் வேலியோரம் நின்று சொன்னார். எங்களுக்குத் தாருங்கள் என்று நீர் அழாக்குறையாகக் கேட்டீர். வேலையில்லாத வீட்டில் இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றார் ஜாக். நீரும் விட்டபாடில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். குளிர் தொடங்கும்போது காடை வேட்டைக்கென்று நடக்கும் வேட்டைநாய்ப் போட்டியில் ரஸ்டியை நீர் இறக்கவேண்டும். ஏதாவது ஒரு பரிசு கிடைத்தால் அவன் உமக்கு, இல்லையென்றால் பண்ணைக்கு.

"உமக்கு விசரே? மச்சம் மாமிசம் தொடாத ஆள் காடை வேட்டைக்குப் போகப்போறீரோ?" என்றேன்.

"நானே வேட்டையாடுறன்? அவனெல்லோ ஆடுறான். நீங்கள் சும்மா இருங்கோ."

போட்டியின் விதிகளை ஜாக் சொல்லித் தந்தார். புல்வெளியில் ஓடும் நாய், காடையின் மணம் பட்டதும் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நிற்கவேண்டும். பறவை எழும்பினால் துரத்தக்கூடாது. கூட வரும் துப்பாக்கிக்காரர் சுட்டு வீழ்த்தியபின், சொன்னால் மட்டும் போய் எடுத்துவந்து கையில் தரவேண்டும். பறவையில் பல் பட்டிருந்தால் நாய் வெளியே. ரஸ்டியிடம் மணம் பிடிக்கும் மூக்கு இருந்தது, மற்ற இரண்டும் இல்லை. கொண்டுவருவதைக் கடித்துவிடுவான், எழும்பும் பறவையைக் கண்டால் ஒரே ஓட்டம். எத்தனையோ வருடம் கத்தியும் அந்த ஓட்டத்தை ஜாக்கால் நிறுத்த முடியவில்லை.

பழக்குவதற்கென்று செத்த புறாக்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார் மனிதர். குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "என்ரை குசினிக்கை அது வராது, சொல்லிப்போட்டன்" என்று என்னிடம் தமிழில் சீறிவிட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் நன்றி சொல்லி அனுப்பினீர். மறுநாள் புறாவுக்குப் பதிலாகப் பெட்டி பெட்டியாகத் தக்காளி வந்து இறங்கியது. கொல்லையில் நீர் எறிவீர், அவன் கொண்டுவருவான். முதல் கிழமை முழுக்கத் தின்றான். பிறகு பிதுக்கிக்கொண்டு வந்தான். நீர் மட்டும் சளைக்கவில்லை; கடைசியில் தோல் கிழியாமல் கவ்விவரப் பழகினான். மாக்பைப் பறவை எழும்பும் நேரமெல்லாம் "நில்லடா ராசா!" என்ற உம்முடைய குரல் தெருமுனைவரை கேட்டதாம். எனக்குத் தினமும் ரசம். நாய் வாய் வைத்த எதுவும் சட்டிக்குள் போகவில்லை என்று சத்தியம் செய்தீர். அரைமனதாக நம்பினேன்.

போட்டியன்று எலும்புக்குள் ஏறும் குளிர். தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் நடுவில் சேலை, அதன்மேல் என்னுடைய கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ் என்று நின்றீர். ரஸ்டி புல்லுக்குள் ஓடி, திடீரென்று காலைத் தூக்கி நின்றான். காடை எழும்பியது, "நில்!" என்றீர், வெடி கேட்டது, விழுந்தது. "கொண்டா ராசா" என்றீர். கவ்விக்கொண்டு வந்து உம் முன்னால் குந்தியிருந்தான். யாழ்ப்பாணத்தில் மீன்காரன் தெருவில் வந்தாலே கதவைச் சாத்தியவர் இதை எப்படித் தொடப்போகிறார் என்று நான் நினைத்து முடிக்குமுன் நீர் கையை நீட்டியாயிற்று.

காடை சாகவில்லை. கண்ணைச் சிமிட்டியது. நடுவர் சிறகை விரித்துப் பார்த்தார், இறகை ஊதிப் பார்த்தார். காயமில்லை, பல் பட்ட அடையாளமும் இல்லை. அதிர்ச்சியில் விழுந்திருக்கிறது. அற்புதமான வாய் என்று நாயைப் பாராட்டிவிட்டுக் காடையை உம்மிடம் திருப்பித் தந்தார். அங்கே வழக்கம் அதுதான்: உயிரோடு வந்ததை நாய்க்காரரே கழுத்தைத் திருகி முடித்துக் கொடுக்கவேண்டும். பரிசு உறுதி, இது ஒன்றுதான் பாக்கி என்று துப்பாக்கிக்காரர் என் காதில் சொன்னார்.

நீர் ரஸ்டியைப் பார்த்தீர். பிறகு கையை விரித்தீர்.

காடை அவன் மூக்குக்கு முன்னாலேயே விர்ரென்று எழும்பியது. அவன் உடம்பெல்லாம் நடுங்கியது. நீர் வாயே திறக்கவில்லை. அவன் நின்ற இடத்தைவிட்டு அசையவும் இல்லை. எனக்கு அங்கேயே உம்மைத் தூக்கிக்கொண்டு ஆடவேண்டும்போல் இருந்தது. நடுவர் தலையைச் சொறிந்தார். காடை இல்லாமல் பரிசு கொடுக்க விதியில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டார்.

வேலியில் சாய்ந்து நின்ற ஜாக்கிடம் போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு, வார்ப்பட்டியை நீட்டினீர். தோற்றுவிட்டோம், இதோ உங்கள் நாய் என்றீர்.

ஜாக் கையை நீட்டவில்லை. "என் நாயென்றால் அந்தக் காடையைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கும். இது யாருடைய நாயோ, எனக்குத் தெரியாது" என்றார்.

திரும்பி வரும்போது ரஸ்டி காரின் பின்னிருக்கையில் குறட்டை விட்டான். தலை முழுகாமல் சாமிப்படத்துப் பக்கம் போகமாட்டேன், அவனுக்கும் முழுக வார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தீர். சிவப்பு விளக்கில் நின்றபோது என் இடது கையைப் பிடித்து விரித்தீர். "இஞ்சேருங்கோ, அதின்ரை நெஞ்சு என்ரை கைக்குள்ளை எப்பிடி அடிச்சது தெரியுமே? இப்பிடி." உம்முடைய விரல் நுனியால் என் உள்ளங்கையில் படபடவென்று தட்டிக் காட்டினீர். பச்சை விழுந்து, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கும்வரை தட்டினீர்.

ஆட்டிறைச்சியை நான் இன்னும் விடவில்லை, கோபிக்க வேண்டாம். ஆனால் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டு நான் அடம்பிடிக்கும்போதெல்லாம், இடது உள்ளங்கையில் உம்முடைய விரல் தட்டும். கை தானாகவே விரிந்துவிடுகிறது.