பாவக்காய் கால்மோருக்கு, உனக்கல்ல

அன்பு மச்சான் சர்வின்,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. உயிரோடு இருந்தபோது மட்டும் எழுதிக் கிழித்துவிட்டாயா என்று கேட்பாய். கேள், உனக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. உன் அம்மாவுக்கு நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

முதலில் நம் ஆட்களின் செய்தி. நாம் விழுந்து விழுந்து விளையாடிய கேமின் அடுத்த பாகம் வந்துவிட்டது. பனிக்கோட்டை வாசலில் இரும்புத் தொப்பியைக் கழற்றாமல் நிற்பானே உன் காவல்காரன் கால்மோர், இதில் தொப்பியைக் கழற்றுகிறான். உட்கார்ந்து சாப்பிடவும் செய்கிறான். என்ன சாப்பிடுகிறான் தெரியுமா? ரொட்டியும் முட்டைக்கோஸ் சூப்பும். நம் ரசிகர் குழுவில் அன்றைக்கே அடிதடி.

எல்லாம் உன்னால் வந்த வினை. முதல் பாகத்தில் அவன் முன்னால் ஒரு கிண்ணம் இருக்கும், அதில் பச்சையாக வளையம் வளையமாக ஏதோ மிதக்கும். கீரைத்தண்டு என்று ஊரே சொன்னபோது, பாவக்காய் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நீ. "பனியில நிக்கிறவனுக்கு நாக்கு மரத்துப் போயிருக்கும்லா! கசப்பு மட்டுந்தான் ஏறும்" என்று நீ விளக்கம் கொடுத்தபோது நான் குடித்துக்கொண்டிருந்த தே தாரிக் மூக்கில் ஏறியது. அதோடு விட்டாயா? கால்மோர் பேசுவதுபோல நீயே பேசிப் பதிந்து குழுவில் போட ஆரம்பித்தாய்.

ஆனாலும் கெனான் விஷயத்தில் உன்னைப்போலக் கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. எது கெனான், அதாவது கேமின் உண்மைக் கதை, எது ரசிகர்கள் கட்டிவிட்டது என்று சண்டை வரும்போதெல்லாம் உன்னிடம் ஒரே பேச்சுதான். "திரையில பார்த்தியா? பார்த்தா சொல்லு. ஆசப்படுறது வேற." பாவக்காயைக்கூட 'இது என் கற்பனை' என்று மேலே போட்டுத்தான் எழுதினாய். இப்போது புதுப் பிள்ளைகள், "சர்வின் அண்ணன் சொன்னதுதான் கெனான், கேம் செஞ்சவன் சொன்னா என்னா?" என்று நெஞ்சை நிமிர்த்துகிறார்கள். இறந்தவன் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு பார்த்தாயா?

அந்தச் சண்டையில்தான் ஒருத்தன் உன் பழைய குரல் பதிவைத் தேடிப் பிடித்துச் சாட்சியாகப் போட்டான். "கறி வேணாம், மீனு வேணாம், பாவக்கா சம்பல் கொஞ்சம் இருந்தா போதும், உசுரு வந்துரும்." மற்றவர்கள் சிரிப்புப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பதிவின் தொடக்கத்தில் நீ தெளிவாகச் சொல்கிறாய், "கால்மோர் பேசுறேன்" என்று.

போன வருஷம் உன் பதினாறாம் நாளுக்குக் கரங்கானில் உங்கள் வீட்டில் கூடியிருந்தோம். உன் படத்துக்கு முன்னால் இலை போட்டு உனக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும். அன்று காலையில் உன் அம்மா அடுப்படியிலிருந்து வந்து, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் என்னைக் கேட்டார். "தீபன், வூட்ட விட்டுப் பாக்கார் ஆராங்குக்குப் போன பொறவு அவன் என்னா சாப்பிட்டான்னே எனக்குத் தெரியாதுப்பா. நீதானே ஒரே வூட்ல கூட இருந்த. எம்புள்ளைக்கி என்னா புடிக்கும்?"

எல்லார் கண்ணும் என்மேல் இருந்தது. உன்னை எனக்குத்தான் முழுசாகத் தெரியும் என்று ஒரு பெருமை, அந்த நேரத்திலும். யோசித்தேன். உன் குரல் காதில் அப்படியே கேட்டது. "பாவக்கா சம்பல், ஆன்ட்டி. அது இருந்தா அவனுக்கு உசுரு வந்துரும்" என்றேன். டெங்கிக் காய்ச்சலுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவரிடம் சொல்கிற வார்த்தையா அது?

உன் தங்கச்சி தர்ஷினி அப்போதே சொன்னாள். "அண்ணனா? அண்ணன் அத மோந்துகூடப் பாக்காதும்மா!" உன் அம்மா கேட்கவில்லை. "சின்னதுல துப்புவான். பெரிய ஆளானதும் மாறிட்டான் போல. கூட்டாளி பொய்யா சொல்வான்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். செத்துப்போன மகனைப் பற்றிப் புதிதாக ஒன்று கிடைத்துவிட்ட சிரிப்பு அது. அன்றிலிருந்து மாதாமாதம் உன் நாளில் பாவக்காய்தான். வீட்டுக்குப் பின்னால் கொடியே போட்டுவிட்டார். "மொத காய் பறிச்சிட்டேன்பா" என்று எனக்குப் போன் செய்து சொன்னார். நானும் "சூப்பர் ஆன்ட்டி" என்றேன்.

குரல் பதிவைக் கேட்ட பிறகும் வாயைத் திறக்கவில்லை, மச்சான். அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பச்சைப் பொய். என்னை நம்பி வைத்த இடத்திலிருந்து இறங்கப் பயம், அவ்வளவுதான்.

போன ஞாயிறு உன் முதல் வருஷத் திதி. சீக்கிரமே போய்விட்டேன். அம்மா பாவக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேம், கால்மோர், கிண்ணம், உன் குரல், என் புத்திகெட்டதனம், எல்லாம். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒரு வருஷமா எம்புள்ள எலையில எவனுக்கோ புடிச்சத வச்சிருக்கேன்."

"மன்னிச்சிருங்க ஆன்ட்டி."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தர்ஷினியும் என்னைக் காப்பாற்ற வரவில்லை. ஏன் வர வேண்டும்? அப்புறம் அம்மா கேட்டார். "சரி, இப்ப நெசமா சொல்லு. அவனுக்கு என்னாதான் புடிக்கும்?"

உன் சாப்பாட்டுத் தட்டை நினைவில் தேடினேன். கால்மோரின் செருப்பு வார் எந்தத் தோலில் தைத்தது என்று கேட்டிருந்தால் மூச்சுவிடாமல் சொல்லியிருப்பேன். உன் எதிரில் உட்கார்ந்து இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், நீ என்ன சாப்பிட்டாய் என்று பார்க்கவில்லை. லக்சா நூடுல்ஸ் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வெட்கம்கெட்டவன். அப்போதுதான் உன் பேச்சு ஞாபகம் வந்தது. திரையில பார்த்தியா?

"தெரியாது ஆன்ட்டி. ஒன்னே ஒன்னு மட்டும் பார்த்திருக்கேன். மாமாக் சாப்பாட்டுக் கடையில தனக்குன்னு குடிக்கத் தண்ணி மட்டுந்தான் சொல்வான். நான் ரொட்டி சானாய் ஓரத்தக் கிள்ளி ஒதுக்கி வப்பேன்ல, அந்தத் தட்ட இழுத்துத் தின்பான். 'வேஸ்ட் பண்ணாதடா'ன்னு ஏசுவான்."

தர்ஷினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வூட்லயும் அப்படித்தாம்மா. என் தட்டக் காலி பண்றது அண்ணன்தானே."

அம்மா நறுக்கிய பாவக்காயை அப்படியே மூடி ஒதுக்கினார். கடைக்கு ஆள் அனுப்பி ரொட்டி சானாய் வாங்கி வரச் செய்தார். உன் படத்துக்கு முன்னால் இலையைப் போட்டு, பக்கத்தில் என்னை உட்கார வைத்து, தட்டை என் கையில் கொடுத்தார்.

"சாப்புடு. ஓரத்த வை."

உன் பெரியப்பா பதறிப்போனார். "என்னா இது? படையலுக்கு முன்னால வாயில வைக்கலாமா? எச்சிலயா படைப்பாங்க?"

"அவன் அதத்தான் தின்பான்" என்றார் அம்மா. "பார்த்தவன் சொல்றான்."

சாப்பிட்டேன், மச்சான். அத்தனை பேரும் பார்க்க, அழுதுகொண்டே மென்றேன். ஓரத்தைக் கிள்ளி ஒதுக்கினேன். அம்மா அதைத் தன் கையால் எடுத்து உன் இலையில் வைத்துச் சூடம் காட்டினார்.

குழுவிலும் எழுதிவிட்டேன். கால்மோர் குடித்தது முட்டைக்கோஸ் சூப், பாவக்காய் சர்வினின் கற்பனை, அவனே அப்படித்தான் எழுதியிருக்கிறான் என்று. பிள்ளைகள் என்னைத் துரோகி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். உன் அம்மாவும் என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தீபாவளிக்கு முதல் நாள் படையலுக்கு வரச் சொல்லியிருக்கிறார், பசியாறாமல், வெறும் வயிற்றோடு.

வருகிறேன். இனி உன்னைப் பற்றி யார் கேட்டாலும் பார்த்ததை மட்டும் சொல்வேன், தெரியாததைத் தெரியாது என்பேன். இது உன்மேல் சத்தியம். நடுவில் இருப்பது எனக்கு, ஓரம் உனக்கு.

உனக்கு மிச்சம் வைக்கும் மச்சான்,
தீபன்