சாஸ்திரிகளின் தோல் குல்லா

இன்று பேருந்து ஆம்பூரைத் தாண்டும்போது தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் வாடை ஜன்னல் வழியே வந்தது. பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உன் நினைவு வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாம் ஒரே பள்ளியில் ஆசிரியைகளாக இருந்தோம். நீ ஓவியம், நான் சரித்திரம். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு உடை உன் பொறுப்பு. குழந்தை இயேசுவைக் காண வரும் மூவருக்கும் ஜிகினாக் கிரீடம் வைப்பது சபை வழக்கம். நீயோ கால்சட்டையும், உங்கள் வீட்டுத் தோல் ஷாப்பில் பதனிட்டுக் கொண்டுவந்த ஆட்டுத்தோலில் கூம்புக் குல்லாவும் தைத்தாய்.

நாடகத்தை மேற்பார்த்த சபை மூப்பர் முகம் சுளித்தார். "இன்னாம்மா, ராஜாங்களுக்குக் கிரீடம் வேணாமா?"

"வேதத்துல கெழக்குலருந்து வந்த சாஸ்திரிங்கன்னுதான் இருக்குது ஐயா. ராஜான்னு எங்க இருக்குது?"

ஒத்திகையில் பார்த்து முடிவு சொல்வதாகவும், சரியில்லையென்றால் கிரீடம்தான் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்று நீ சாப்பிடவில்லை.

என்னிடம் நூலகப் புத்தகத்தில் இரண்டு படங்களைக் காட்டினாய். ஒன்றில், பாரசீகப் பெயரோடு ரோமுக்குப் போன தெய்வமான மித்ரன் காளையைக் கொல்கிறான். மற்றது ரோமில் ஆதிக் கிறிஸ்தவர்களின் கல்லறைச் சுவரோவியம். மூவர் காணிக்கையோடு நடக்கிறார்கள். அதே குல்லா, அதே கால்சட்டை.

"பாருடி, அந்தச் சாமிக்கும் இவங்களுக்கும் ஒரே டெய்லர்."

டெய்லர் ஒருவன் என்பதால் நம்பிக்கையும் ஒன்றாகிவிடாது, கிழக்கத்தியர் எல்லாரையும் ரோம ஓவியன் அப்படித்தான் வரைந்தான் என்று கைகட்டிக்கொண்டு சொன்னேன்.

"இருக்கட்டும். கும்பிட வந்தவங்க பாரசீகத்துக்காரங்கன்னு வரைஞ்சவன் நெனச்சான் இல்ல? அது போதும் எனக்கு."



ஒத்திகையில் மூன்று மாணவிகளின் தலையிலும் குல்லாக்கள் புனல் கவிழ்த்ததுபோல் விறைத்து நின்றன. எல்லாரும் சிரித்தார்கள். மூப்பர் கிரீடங்களை எடுத்துவரச் சொன்னார். நீ ஒரு குல்லாவைக் கழற்றித் தோலை விரலால் அழுத்திப் பார்த்தாய். பிறகுதான், தைக்கும் அவசரத்தில் தோலுக்கு எண்ணெய் போட மறந்தது உனக்கு உறைத்தது. தோல் ஷாப் வீட்டுப் பெண்ணுக்கு வரக்கூடாத மறதி. சைக்கிளில் போய்ப் புங்க எண்ணெய் கொண்டுவந்து தேய்த்துக் கசக்கினாய். தோல் இளகியது. கூம்பின் நுனி மெல்ல முன்பக்கம் மடிந்து விழுந்தது.

படத்திலும் அப்படித்தான் மடிந்திருந்தது. அதுவரை நான் அதைக் கவனிக்கவேயில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான்தான். ஒரு மாணவியின் தலையருகே படத்தைப் பிடித்து, "பாருங்க, பாருங்க" என்றேன். அவ்வளவு உரத்து நான் பேசி எவரும் கேட்டதில்லை.

மூப்பர் படத்தையும் குல்லாவையும் மாறிமாறிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும். எண்ணெ வாடைய மட்டும் போக்கிடுங்க."

ஒரு தெய்வம் இன்னொன்றிலிருந்து வந்தது என்று யாராவது அடித்துச் சொன்னால் இன்றும் ஆதாரம் கேட்கிறேன். ஆனால் முன்புபோல் கைகட்டிக்கொண்டு கேட்பதில்லை. "படம் இருக்கிறதா? கொடுங்கள்" என்று கையை நீட்டிவிடுகிறேன்.