வாசல் கேமராவின் பேட்டரி

நாள் 61, காலை 8:10

எனக்குப் பின் இந்த நிலா வீட்டுக்குக் குடிவருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெயர் ரெஜினா தங்கதுரை, மின்கலப் பொறியாளர், ஊர் தூத்துக்குடி. உடன் இருப்பவன் சுடலைமுத்து. பாறை துளைக்கும் வேலைக்காக நேற்று வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குப் போயிருக்கிறான், நாளை வருவான்.

காற்றழுத்தம் சரி, தண்ணீர் சரி. வாசல் கேமராவுக்கு மட்டும் ஏதோ வியாதி. ஒரு மாதம் தாங்க வேண்டிய பேட்டரி ஒரே நாளில் காலியாகிறது. பேட்டரிக்காகவே சம்பளம் வாங்குகிற என் கண்ணெதிரில்.

நாள் 61, முற்பகல் 11:40

குளிர் காரணமில்லை, கேமராவின் சூடேற்றும் உறை வேலை செய்கிறது. வைஃபை முழுசாகக் கிடைக்கிறது. வெளியே போய்ப் பின்பக்கக் கேமராவின் பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டினேன். அதுவும் மளமளவென்று இறங்குகிறது. ஆக, குற்றம் பேட்டரி மேல் இல்லை.

பூமியில் உதவிக்கு இருப்பவர், நேரலையைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள் மேடம், அதுதான் சார்ஜைக் குடிக்கும் என்றார். எனக்கே பாடம் எடுக்கிறார். ஆனால் சொன்னது சரிதான், இனி திறக்க மாட்டேன்.

நாள் 61, மதியம் 1:15

திருடன் அகப்பட்டான். பதிவான படங்கள் அத்தனையிலும் ஒரே காட்சி: சுடலை கதவுக்கு முன்னால் கட்டிய திருஷ்டிக் கயிறு. கறுப்புக் கயிறு, நுனியில் படிகாரக் கல். அது ஆட ஆட, யாரோ வந்துவிட்டார்கள் என்று கேமரா விழித்துக்கொண்டு படம் எடுத்துத் தள்ளுகிறது.

நிலாவில் யார் கண் போடப் போகிறார்கள் என்று அன்றைக்கே கிண்டல் செய்தேன். "இருந்துட்டுப் போட்டும்க்கா, சோறா கேக்கு?" என்றான். சோறு கேட்கவில்லை, என் பேட்டரியைத்தான் தின்றிருக்கிறது.

அறுத்துப் போட்டால் பையன் முகம் வாடிவிடும். கேமரா அமைப்பில் கயிற்றைச் சுற்றி விரலால் ஒரு கட்டம் வரைந்தேன். கட்டத்துக்குள் எது அசைந்தாலும் இனி கேமரா கண்டுகொள்ளாது. என் விரல் தடிமனுக்குக் கட்டம் கதவு முழுவதையும் மூடிவிட்டது. இருக்கட்டும். இங்கே வாசலில் யார் வந்து நிற்கப் போகிறார்கள்?

நாள் 62, காலை 7:30

பேட்டரி 98. நேற்று சார்ஜ் ஏற்றி மாட்டியது, ராத்திரி முழுக்க இறங்கவே இல்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சுடலையிடமிருந்து செய்தி: "அக்கா, உடுப்பு ரேடியோல சார்ஜ் நிக்க மாட்டேங்கு. இனி பேச முடியாது. வாசல்ல வந்து கையாட்டுதேன். கேமரா ஒங்களுக்குச் சொல்லும்லா, கதவத் தொறங்க."

சரிடா என்றேன்.

நாள் 62, காலை 9:05

தேநீர் கலக்கும்போதுதான் உறைத்தது. ஊரில் வாசலில் கட்டிய கயிறு கடற்காற்றில் ஆடும். இங்கே வெளியே காற்று ஏது?

யார் ஆட்டினார்கள்? படங்களை மறுபடி ஓட்டினேன். கயிறு ஒவ்வொரு முறையும் கதவை விட்டு வெளிப்பக்கமாகவே தள்ளப்படுகிறது. வெளியே யாரும் இல்லை. வீடுதான் ஊதுகிறது.

நாள் 62, காலை 10:20

வெளிக்கதவின் அடியில் கசிவு. காற்றுத் தொட்டி தானாக நிரப்பிக்கொண்டே இருந்ததால் அழுத்தமானி ஒன்றும் காட்டவில்லை. தொட்டியில் பாதிக் காற்றைக் காணோம். உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் இருக்கிற முன்னறைக்குப் போய் வெளிக்கதவைச் சுற்றி அடைப்புப் பசை பூசினேன்.

பசை காய்ந்தால் கல் மாதிரி. வெளியிலிருந்து கைப்பிடியைத் திருகினாலும் திறக்காது, உள்ளேயிருந்து உளியால் சுரண்ட வேண்டும். சுடலை வந்ததும் கேமரா சொல்லும். சுரண்டி முடிக்கும்வரை அவன் உடுப்பில் காற்று தாங்கும்.

நாள் 62, மதியம் 2:20

முன்னறைப் பக்கம் சத்தம். டொக், டொக். பசை விரிசல் விடுகிறது. கதவு பிய்த்துக்கொண்டு போனால் நான் செத்தேன்.

ஆள் யாரும் இல்லை, இருந்தால் கேமரா சொல்லியிருக்கும். நேரலையைத் திறக்க விரல் போனது. சார்ஜ் போய்விட்டால் சுடலை வரும்போது தெரியாதே என்று விட்டுவிட்டேன். உடம்பெல்லாம் வியர்க்க இன்னொரு பூச்சு பூசினேன். சத்தம் பலமாகக் கேட்டது. இன்னும் பூசினேன்.

நாள் 62, பிற்பகல் 3:10

சத்தம் அடங்கிவிட்டது. பசை பிடித்துக்கொண்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சுடலையைத்தான் இன்னும் காணோம்.

நாள் 62, பிற்பகல் 3:25

பேட்டரி 98. நேற்றிலிருந்து 98. ஒரு புள்ளிகூட

கட்டம். கதவு முழுக்கக் கட்டம். நான் வரைந்த கட்டம்.

நேரலையைத் திறந்துவிட்டேன். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். தலை தொங்கிவிட்டது. ஒரு கை மட்டும் கயிற்றைப் பிடித்திருக்கிறது. ஆட்டுகிறான். கேமராவைப் பார்த்து ஆட்டுகிறான்.

நாள் 62, பிற்பகல் 3:31

எழுத முடியாது. பேசுகிறேன், கணினி எழுதிக்கொள்ளட்டும். உடுப்பு மாட்டியாயிற்று. உளி கையில் இருக்கிறது. இரண்டு பக்கம் சுரண்டிவிட்டேன், மேலே மூன்று பூச்சு, நான் பூசியதுதான். நேரலை ஓடும் திரையைத் தரையில் வைத்திருக்கிறேன். கயிறு ஆடுகிறது. இது ஆடியதற்கா காலையில் பயந்தேன்?

எலே சுடலை, ஆட்டுலே. நிறுத்தாத. அக்கா வந்துட்டேன். ஆட்டிக்கிட்டே இருலே.

நாள் 62, பிற்பகல் 3:44

இன்னும் ஒரு பக்கம்தான்.

கயிறு நின்றுவிட்டது.

படம் தெளிவாக இருக்கிறது. பேட்டரி நன்றாக இருக்கிறது.