வருடத்தில் ஒரு மணி நேரம்

மும்பை, கோட்டைப் பகுதி
அக்டோபர் 4

அன்புள்ள கேதகி,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வீட்டுக்காரி ஹன்ஸாவின் முட்டிவலி மட்டும் என்னைவிட ஒழுங்காக வேலைக்கு வருகிறது. புனேயில் அம்மா எப்படி இருக்கிறார், உன் ஆயி?

போனில் பேசினால் நமக்குள் சண்டையில் முடிகிறது. அதனால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

நீயும் நானும் சேர்ந்து கட்டிய பங்கு வர்த்தகத் தளத்தை, உன் புது நிறுவனத்தின் ஏஐ கருவி துப்புரவு செய்து முடித்துவிட்டது. பயன்பாட்டில் இல்லை என்று மூன்றில் ஒரு பங்கு நிரலை வெட்டி எறிந்திருக்கிறது. நம் முதலாளி நட்வர் சேட்டுக்கு ஏகப்பட்ட குஷி. நம்மோடு நிரல் எழுதிய சுலபாவையும் நிமேஷையும் போன மாதமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "பரேஷ், தீபாவளிக்கு முன்னாடி எல்லாம் சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துடு. ஏதாவது ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன். மெஷினைப் பிடிச்சு வெளிய தள்ள முடியாது பாரு," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரிப்பு உனக்குத் தெரியும்.

என் அப்பா ராஜ்கோட்டில் படுத்த படுக்கையாக இருந்த வருடம் நான் இங்கே இல்லை. அந்த வருடம் நிரல் எழுதியது முழுக்க நீ ஒருத்திதான். அதில் தேவையான எதையாவது உன் செல்லப்பிள்ளை வெட்டியிருக்கிறதா? ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்.

உன்
பரேஷ் வகாரியா

*

புனே
அக்டோபர் 6

அன்புள்ள பரேஷ்பாய்,

ஆயி நலம். இப்போதே தீபாவளி மிக்சருக்கு, சிவ்டாவுக்கு, அவல் புடைக்க ஆரம்பித்துவிட்டாள். தீபாவளிக்குத் தீபாவளி பலகாரத்தோடு வந்து போகிற உங்கள் வீட்டு டப்பா எங்கே என்று தினமும் கேட்கிறாள். அது இந்தத் தடவையும் உங்களிடம்தான் இருக்கிறது.

செல்லப்பிள்ளையாமே! எதற்கெடுத்தாலும் அதைக் கரித்துக்கொட்டாவிட்டால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காதா? ஏப்ரலில் இருந்து செப்டம்பர் வரை தளத்தில் நடந்த அத்தனையையும் அது படித்திருக்கிறது. அரை வருடமாக ஒரு தடவைகூட ஓடாத நிரலைத்தான் எடுத்திருக்கிறது. பங்குச் சந்தையின் சனிக்கிழமை ஒத்திகையிலும் ஒரு பிசகு இல்லை. சுலபாவை அனுப்பியது உங்கள் சேட். நான் இல்லை.

பயப்படாமல் கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
கேதகி

*

மும்பை
அக்டோபர் 9

கேதகி,

போடுங்கள் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். போடப் போவது என் கை. ஐம்பத்துநாலு வயதில் என்னை வெளியே அனுப்பினால் எவன் வேலை தருவான்? உன் கருவியா?

கருவி என்ன படித்தது என்று நான் கேட்கவில்லை. நீ படித்தாயா என்று கேட்டேன். உன் கண்ணால் பார்த்தாயா இல்லையா? அதை மட்டும் சொல்.

பரேஷ்

*

புனே
அக்டோபர் 10

பரேஷ்பாய்,

என் கண்ணைவிட அது நன்றாகப் பார்க்கும். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? உங்களைப் போலவே இன்னும் எத்தனையோ தரகு நிறுவனங்கள் எங்களிடம் வாங்கியிருக்கின்றன. யாரும் இப்படிக் குடையவில்லை.

கேதகி

*

மும்பை
அக்டோபர் 13

கேதகி,

உன் வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். டப்பாவைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். உன் ஆயிக்கு என் வணக்கம்.

பரேஷ்

*

புனே
லட்சுமி பூஜைக்கு முந்தின நாள், மதியம்

பரேஷ்பாய்,

என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

தீபாவளிக் கூரியர் நெரிசலைத் தாண்டி இன்று காலையில்தான் டப்பா வந்தது. ஆயி ஆசையாகத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். "என்னடி இது, காலி டப்பா! இத்தனை வருஷத்துல ஹன்ஸா ஒரு தடவைகூட காலியா அனுப்பினதில்லையே. என்ன சண்டை போட்டுத் தொலைச்ச?" என்று கேட்டாள். டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தேன். அவள் பின்னாலேயே வந்து, "அப்ப நாளைக்கு சாயங்காலம் எனக்கு ஒரு பங்கு வாங்கணும்னு பரேஷ்கிட்ட யாரு சொல்லுவா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முகூர்த்த வர்த்தகம், பரேஷ்பாய். தீபாவளி மாலையில், வருடத்தில் அந்த ஒரு மணி நேரம். ஊரில் இருக்கிற அத்தனை குடும்பமும் சாஸ்திரத்துக்கு ஒவ்வொரு பங்கு வாங்கும். ஒரே நேரத்தில் இத்தனை ஒற்றைப் பங்கு ஆர்டர் குவிந்தால், எவனுடைய நிரலோ கிறுக்குப் பிடித்துச் சுற்றுகிறது என்று நம் தளத்தின் தானியங்கித் தடுப்பு நினைத்துக்கொள்ளும். தளத்தையே மூடிவிடும். நீங்கள் ராஜ்கோட்டில் இருந்த வருடம் அப்படித்தான் மூடியது. அதற்குப் பிறகுதான் அந்த ஒரு மாலைக்கு மட்டும் தடுப்பைத் தளர்த்த நான் தனியாக ஒரு நிரல் துண்டு எழுதினேன். ஏப்ரலில் இருந்து செப்டம்பருக்குள் அது எப்படி ஓடும்? தீபாவளி அதற்குள் வருகிறதா? கருவி அதைச் செத்த நிரல் என்று எடுத்துவிட்டது. இப்போதுதான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்தத் துண்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். இன்றே திரும்பச் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் சட்டப் பிரிவில் சொன்னேன். "போன்ல வேணா சொல்லிக்கோங்க மேடம், எழுத்துல எதுவும் வேண்டாம். மத்த கம்பெனிகளுக்கு நாங்க தீபாவளி முடிஞ்சு பேசிக்கறோம்," என்றார்கள். முடிந்து பேசி என்ன பிரயோஜனம்? அதனால்தான் எழுதுகிறேன். கருவி இதேபோல வெட்டியிருக்கக்கூடிய மற்ற நிறுவனங்களின் பெயர்களும் இணைப்பில் இருக்கின்றன. யாரிடம் காட்ட வேண்டுமோ தாராளமாகக் காட்டுங்கள். சேட்டிடமும்தான். நான் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். எனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டபோது நான் பார்க்கவில்லை. பார்த்ததுபோலப் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

கேதகி

*

மும்பை
பாய் தூஜ், அண்ணன் தங்கை நாள்

அன்புள்ள கேதகி,

நீ அனுப்பிய துண்டை அன்றைக்கே சேர்த்துவிட்டேன். சுலபாவை வீட்டிலிருந்து வரவழைத்தேன். கையில் பாதி மருதாணியோடு ஓடிவந்தாள். என்னைத் திட்டிக்கொண்டேதான் உதவி செய்தாள்.

உன் கடிதத்தைச் சேட்டிடம் காட்டினேன். பிறகு மற்ற நிறுவனங்களில் எனக்குத் தெரிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். வருடம் முழுக்க ஒருவரை ஒருவர் ஏசுகிற கூட்டம்தான். "முகூர்த்த நேரத்துல எவன் கடை மூடினாலும் தெரு முழுக்க அபசகுனம், சொல்லுப்பா" என்று அத்தனை பேரும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மறுநாள் மடிக்கணினிகளுக்கெல்லாம் குங்குமம் வைத்து, சேட் கையால் பூஜை நடந்தது. மணி அடித்து வர்த்தகம் தொடங்கியது. ஒற்றைப் பங்குகள் மழையாகக் கொட்டின. தளம் அசையவில்லை. உன் ஆயியின் ஆர்டரை நானே போட்டேன். உடனே முடிந்தது என்று அவரிடம் சொல்.

உன்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று நேற்றுக் கேள்விப்பட்டேன். சேட்டிடம் கேட்டேன், நம்மிடமே திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று. "நல்ல பொண்ணுதான். ஆனா சொந்த முதலாளிக்கு எதிரா எழுதிக் குடுத்தவளை யாருப்பா பக்கத்துல வெச்சுக்குவான்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் எழுந்து வந்துவிட்டேன். எழுந்து வந்தது என் நாற்காலிக்குத்தான். அந்த நாற்காலி உன்னால் தப்பியது.

நீ காட்டச் சொன்னதால்தான் காட்டினேன் என்று எழுத ஆசைதான். என் வேலை போகாமல் இருக்கவும்தான் காட்டினேன். உன்னிடம் பொய் சொல்ல வராது.

காலி டப்பா அனுப்பியதற்கு ஹன்ஸா இன்னும் என் மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். நான் அனுப்பியது அப்போது அவளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் புனே வருகிறோம். கூக்ராவும் மட்டியாவுமாக எங்கள் குஜராத்திப் பலகாரங்கள் இப்போதே பொரிந்துகொண்டிருக்கின்றன. டப்பாவைக் கழுவி வை. கதவைத் திறப்பாயா என்று ஹன்ஸா கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

உன்
பரேஷ்பாய்